ஏழு மாதச் சேமிப்பும் மூன்று வாய்மொழிகளும்: வேலையை விடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு நீளமாகப் பதில் எழுதிவிடக் கூடாது. உங்களுக்கு 38 வயது. லேப் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக சர்வீஸ் டெக்னீஷியன். மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், ரத்தப் பரிசோதனை அனலைசர் எல்லாம் கைப்பழக்கம். சம்பளம் ஒழுங்காக வருகிறது, ஆனால் இதற்கு மேல் போக இடமில்லை என்று படுகிறது. வீட்டில் மனைவி, ஒரு குழந்தை, உங்கள் ஒரே வருமானம். ஏழு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். மூன்று லேப்காரர்கள், "நீங்க தனியா வந்தா உங்களைத்தான் கூப்பிடுவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏழு மாதம் போதுமா, வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது முறை படித்தபோது, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு ஒன்று என்று தோன்றியது. அந்த மூன்று பேரின் வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அது. ஏழு மாதம் என்ற கணக்கே அந்த வார்த்தையின் மேல்தான் நிற்கிறது.

நான் கணக்காளர். ஒரு நிறுவனத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்து, இருபது வருடத்துக்கு மேலாகத் தனியாகத் தொழில் செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துபவர்கள்: மொழிபெயர்ப்பாளர், எலக்ட்ரீஷியன், வீடியோ எடிட்டர், பிசியோதெரபிஸ்ட் என்று பலவகை. அவர்களுடைய வங்கிக் கணக்கை மாதாமாதம் பார்ப்பவன் என்ற முறையில் பணம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சட்டம் என் துறை கிடையாது. மருத்துவக் கருவிகளை யார் தொடலாம், கருவி சரியாக அளக்கிறது என்ற அளவுத்திருத்தச் சான்றை யார் தரலாம் என்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் ஊரில் உரியவர்களிடம் கேட்டே ஆக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இன்றைக்கு விடாதீர்கள். உங்களை முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வேலைக்குப் பணம் கொடுத்து, அவரே இரண்டாவது தடவையும் கூப்பிட்டுப் பணம் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு ராஜினாமா எழுதுங்கள். முதல் தடவை ஒருவர் அவசரத்தில் கூப்பிட்டிருக்கலாம், யாரோ சொன்னார்கள் என்று பரிதாபத்தில் கூப்பிட்டிருக்கலாம். இரண்டாவது தடவை கூப்பிடுபவருக்கு உங்கள் வேலையும் தெரியும், உங்கள் விலையும் தெரியும். இரண்டும் தெரிந்து வருகிறார் என்றால் அங்கே ஒரு தொழில் இருக்கிறது. ஏன் இவ்வளவு பிடிவாதமாக இதைச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

சம்பளம் என்றால் எல்லோரும் தொகையைத்தான் நினைக்கிறோம். வேலையை விட்டு வந்தவர்கள் தடுமாறுவதை நான் பார்த்தவரை, தொகை குறைந்ததால் தடுமாறியவர்களைவிட, பணம் வரும் தேதி தெரியாமல் தடுமாறியவர்கள் அதிகம். வாடகைக்குத் தேதி உண்டு, கடன் தவணைக்குத் தேதி உண்டு, பள்ளிக் கட்டணத்துக்குத் தேதி உண்டு. வருமானத்துக்கு மட்டும் தேதி போய்விடுகிறது. ரிச்சர்ட் கான்டில்லன் என்ற பொருளாதார அறிஞர், அவர் இறந்த பிறகு 1755-ல் அச்சான நூலில், தொழில் செய்பவரைத் தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவர் என்று விளக்கினார். என் மேசைக்கு வரும் கணக்குகளைப் பார்த்தால், தெரிந்த தேதியில் செலவழித்துத் தெரியாத தேதியில் வசூலிப்பவர் என்றும் சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் தனியாக வந்த முதல் வருடத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தேதி எழுதியிருப்பேன்: வேலை முடிந்த நாள், பில் கொடுத்த நாள், பணம் வந்த நாள். முதல் வரி, ஜனவரி 9, ஜனவரி 31, ஏப்ரல் 22. வேலை முடிந்து பணம் கைக்கு வர 103 நாள். அதில் முதல் 22 நாள் முழுக்க என் தவறு. மாதக் கடைசியில்தான் பணம் பற்றிப் பேச வேண்டும் என்ற பழக்கத்தை வேலையிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். மீதி 81 நாள் அந்த வாடிக்கையாளர் நிறுவனத்துக்குள் என் பில் நடந்த நடை. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த மாதப் பட்டுவாடா முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு குறியீட்டு எண் இல்லை என்று பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். யாரும் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் மார்ச் மாத வாடகையை அண்ணனிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன். லாபக் கணக்குப்படி அந்தக் காலாண்டு எனக்கு நல்ல காலாண்டு. அதே நோட்டில் எட்டாவது வரி, அதே நிறுவனம். வேலை முடிந்த அன்றே பில், எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்ட பில். 34 நாளில் பணம் வந்துவிட்டது.

இதை வைத்து உங்கள் ஏழு மாதத்தைப் பார்ப்போம். அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கு என்று சேர்த்தது. தொழிலுக்கு நீங்கள் வாங்க வேண்டியது தனி: மல்டிமீட்டர், சுழலும் வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர், வெப்பநிலை சரிபார்க்கும் கருவி, அவற்றுக்கே வருடாவருடம் அளவுத்திருத்தம், கொஞ்சம் ஸ்பேர், போக்குவரத்து, காப்பீடு. இப்போது இதெல்லாம் கம்பெனிப் பையில் இருப்பதால் கண்ணில் படாது. விலை எனக்குத் தெரியாது, நீங்களே போடுங்கள். ஒரு பேச்சுக்கு, இரண்டு மாத வீட்டுச் செலவுக்குச் சமமான தொகை இதில் போனது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் ஐந்து மாதம். வெளியே வந்த முதல் மாதம் வேலை கிடைத்து, பில் கொடுத்து, அறுபது நாளில் பணம் வந்தால் நான்காவது மாதம்தான் முதல் வரவு. அதுவும் சம்பளம் அளவுக்கு இருக்காது. அப்புறம், ஸ்பேர் போட்டுச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த ஸ்பேரின் விலையை நீங்கள் முன்கூட்டியே கொடுத்திருப்பீர்கள். வேலை கூடக்கூடக் கைக்காசு குறையும் என்பது புதிதாக வருபவர்களை மிகவும் குழப்பும் விஷயம். நிறைய ஆர்டர் இருக்கும்போதே பணம் இல்லாமல் மூடிய தொழில்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் கையில் இருப்பது ஏழு மாதம் என்று எழுதாதீர்கள். ஐந்து என்று எழுதுங்கள், அதிலும் முதல் மூன்று மாதம் வரவே இருக்காது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று லேப். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் மேல் உள்ள அன்பில் சொன்னது. ஆனால் அவர்கள் அறிந்த "நீங்கள்" யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு அனலைசர் நின்றுபோனால் நீங்கள் வருகிறீர்கள், பின்னால் ஒரு கிடங்கு வருகிறது, தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் வருகிறது, மென்பொருளைத் திறக்கும் பாஸ்வேர்ட் வருகிறது. ஏதாவது தப்பாகிவிட்டால் யாரிடம் சண்டை போடுவது என்ற தெளிவும் கூடவே வருகிறது. தனியாகப் போகும்போது இதில் எது உங்களோடு வரும்? ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் போன எல்லா அழைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, கம்பெனி ஸ்பேர், கம்பெனி மேனுவல், கம்பெனி பாஸ்வேர்ட் ஏதும் இல்லாமலே முடித்திருக்கக்கூடியவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் டிக் போடுங்கள். சென்ட்ரிஃபியூஜுக்குக் கார்பன் பிரஷ் மாற்றியது, ஆட்டோகிளேவ் கேஸ்கெட், சூடேற்றும் காயில், மைக்ரோஸ்கோப் சுத்தம் செய்தது இதெல்லாம் டிக் வாங்கும். அனலைசர் வேலைகளில் பல வாங்காது. அந்த டிக் எண்ணிக்கைதான் உங்கள் தொழிலின் உண்மையான அளவு. நாற்பது அழைப்பில் பதினைந்து வந்தால் அது மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் நாற்பதை மனதில் வைத்துக்கொண்டு பதினைந்தை நோக்கி நடந்தால் வலிக்கும்.

அதோடு இன்னொரு சிக்கல். அந்த மூன்று பேரும் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பொறுமையாகப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு வருமானம் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம், விலகிய பிறகு இத்தனை மாதம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்று இன்னொரு வரி இருக்கலாம். இந்த நிபந்தனைகள் எந்த அளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடும். சில இடங்களில் செல்லவே செல்லாது, சில இடங்களில் கடுமையாக அமலாகும். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கொடுத்து அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் செலவழிக்கப்போகும் பணத்தில் அதுதான் மிகவும் பயனுள்ளதாக இருக்கும். சட்டம் அனுமதித்தாலும், நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அதன் வாடிக்கையாளரை இழுப்பது சரியில்லை என்பது என் சொந்தக் கருத்து. சின்னத் துறை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நாளைக்கு ஒரு ஸ்பேருக்காக அதே நிறுவனத்தின் கவுன்டரில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் பரிசோதனையை வேறு இடத்தில் செய்யுங்கள். உங்கள் நிறுவனம் எட்டிப் பார்க்காத சின்ன கிளினிக், கல்லூரி லேப், கால்நடை மருத்துவமனை, உணவுப் பரிசோதனைக் கூடம் போன்ற இடங்களில் பழைய கருவிகள் ஓர் ஓரத்தில் துணி போர்த்தி நிற்கும். தயாரிப்பாளர் கைவிட்ட மாடலாக இருக்கும், பெரிய நிறுவனங்கள் அதற்காக ஆள் அனுப்பாது. உங்களுக்கு இடம் அங்கேதான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாத சின்ன வேலைகளைப் பொறுக்கி எடுத்து நிலைத்த ஒற்றை ஆள் தொழில்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஊக்கமூட்டும் பேச்சு அதிகமாகவும் எண்கள் குறைவாகவும் கிடைக்கின்றன. பார்ட்டன் ஹாமில்டன் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் பத்து வருடம் சொந்தத் தொழில் செய்தவர்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்), அவர்கள் சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு என்று கண்டார். இது பலமுறை விவாதிக்கப்பட்ட எண். சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமானத்தைக் குறைத்துச் சொல்வது உண்டு என்பதால் உண்மையான இடைவெளி சிறியதாக இருக்கலாம். குஸ்தாவோ மான்சோ 2016-ல் இன்னொரு கோணத்தைக் காட்டினார். தொழில் சரிவராதவர்களில் பலர் சீக்கிரமே சம்பள வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள், ஆகவே வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் பெரிதாக இழப்பதில்லை என்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பொருள் இதுதான்: சராசரி ஆளுக்கு இதில் பணம் அதிகம் வராது, சரியான நேரத்தில் திரும்பத் தெரிந்தால் பெரிய சேதமும் வராது. கூடவே, மத்தியாஸ் பென்ஸ், புரூனோ ஃப்ரே இருவரும் 23 நாடுகளின் தரவை வைத்து 2008-ல் எழுதிய ஆய்வில், வருமானத்தையும் வேலை நேரத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் சொந்தத் தொழில் செய்பவர்கள் தங்கள் வேலையில் கூடுதல் திருப்தியோடு இருப்பதாகக் கண்டார்கள். என் வாடிக்கையாளர்களிடமும் இதைப் பார்க்கிறேன். குறைவாகச் சம்பாதித்தாலும் திரும்பிப் போக மாட்டேன் என்பவர்கள் பலர்.

"பாதித் தொழில்கள் ஐந்து வருடத்தில் மூடிவிடும்" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கில் இது பெரும்பாலும் சரியே. புதிய தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலும், பாதி ஐந்து வருடத்துக்குள்ளும் மூடிவிடுகின்றன. ஆனால் அந்தக் கணக்கு ஊழியர்களை வைத்திருக்கும் தொழில்களைப் பற்றியது, உங்களைப் போல ஒற்றை ஆளைப் பற்றியது கிடையாது. மூடியவை எல்லாம் தோற்றவையும் கிடையாது. விற்றுவிட்டவர், ஓய்வு பெற்றவர், நல்ல வேலை கிடைத்துப் போனவர் எல்லோரும் அதில் அடக்கம். இதைவிட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது கூப்பர், வூ, டங்கல்பெர்க் மூவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு. அப்போதுதான் தொழில் தொடங்கிய கிட்டத்தட்ட மூவாயிரம் பேரைக் கேட்டதில், 81 சதவீதம் பேர் தாங்கள் வெற்றி பெறப் பத்துக்கு ஏழு பங்காவது வாய்ப்பு உண்டு என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். தன்னைப் போன்ற மற்றவர்களின் தொழிலுக்கு அதே நம்பிக்கையை அவர்கள் கொடுக்கவில்லை. நாம் நம்மைப் பற்றிப் போடும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்று இது காட்டுகிறது. அதனால்தான் உங்களைத் தெரியாத ஒருவரின் பணத்தைச் சாட்சியாகக் கேட்கிறேன்.

வேலையில் இருந்துகொண்டே தொடங்குவதற்கு ஆதரவாகவும் ஓர் ஆய்வு உண்டு. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-ல் எழுதியது. வேலையை வைத்துக்கொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள், ஒரேயடியாகக் குதித்தவர்களைவிடத் தொழிலை மூடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரணம் எது என்பதில்தான் சந்தேகம். நிதானமானவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் எப்படித் தொடங்கினாலும் நிலைத்திருப்பார்கள் என்றும் இருக்கலாம். ஆனாலும் நடுவில் கிடைக்கும் பாடம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நைக் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் நைட் கணக்காளராக இருந்தவர். 1964-ல் காலணி வியாபாரத்தைத் தொடங்கினாலும், கணக்காளர் வேலையும் கல்லூரியில் பாடம் நடத்துவதுமாக இருந்து, 1969-ல்தான் முழுநேரமாக அதில் இறங்கினார். ஐந்து வருடம். அத்தனை பெரிய நிறுவனத்துக்கும் உங்கள் தொழிலுக்கும் ஒப்பீடு இல்லை, அந்த ஐந்து வருடத்தை மட்டும் கவனியுங்கள். வயதைப் பற்றி உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு கவலை தெரிந்தது. அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

விலை வைப்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள், எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வருடச் சம்பளத்தை 260 வேலைநாளால் வகுத்து, அதுதான் என் ஒரு நாள் விலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 260-ல் பொது விடுமுறை, உங்கள் விடுப்பு, காய்ச்சல் வரும் நாள் எல்லாம் சேர்த்து முப்பதைக் கழியுங்கள். 230. அதிலும் எல்லா நாளும் பில் போட முடியாது. வேலை தேடுவது, விலைப்புள்ளி எழுதுவது, ஸ்பேர் வாங்க அலைவது, பாக்கி கேட்பது, கணக்கு எழுதுவது என்று போய், பில் போடக்கூடியது 60 சதவீதம் என்றால் 138 நாள். இன்னொரு பக்கம், உங்கள் சம்பளம் 100 என்றால், ஓய்வூதியப் பங்கு, காப்பீடு என்று நிறுவனம் உங்களுக்காகச் செலவழித்தது சுமார் 25 என்று வையுங்கள். கருவி, பயணம் 20. ஆக 145-ஐ 138 நாளில் சம்பாதிக்க வேண்டும். முதலில் போட்ட நாள் விலையைவிட இது இரண்டே முக்கால் மடங்குக்குப் பக்கத்தில் வரும். என் சதவீதங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அந்த விலையைச் சொல்லும்போது முதலில் நாக்கு வறண்டுவிடும். பழைய சம்பளத்தை மனதில் வைத்து விலை சொன்னவர்கள் இரண்டாம் வருடம் அசந்துபோய் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லா நாளும் வேலை இருந்தும்.

உங்கள் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். கருவி கெடும்போது மட்டும் கூப்பிடும் வாடிக்கையாளரிடம் பணத்துக்குத் தேதி இருக்காது. காலாண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன், காலாண்டுக் கட்டணம் முன்பணமாக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால், தொலைந்த தேதி திரும்பி வருகிறது. என் கணக்கில், வீட்டின் அத்தியாவசியச் செலவில் பாதியை இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் சுமந்துவிட்டால் தூக்கம் வரும். ஒப்பந்தத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று தெளிவாக எழுதுங்கள். ஸ்பேர் தனி, இரவு அழைப்பு தனி. மற்ற வேலைகளுக்கு ஸ்பேரின் விலையையாவது அட்வான்ஸாக வாங்காமல் தொடாதீர்கள். அட்வான்ஸ் கேட்டால் கோபப்படுகிறவர் பாக்கியைக் கேட்டால் இன்னும் அதிகமாகக் கோபப்படுவார்.

அதே சமயம் ஒரே வாடிக்கையாளர் மேல் சாய்ந்துவிட வேண்டாம். என்னிடம் வரும் ஒரு வீடியோ எடிட்டர், திறமையான பெண், வெளியே வந்த ஆறாவது மாதமே பழைய சம்பளத்தைத் தாண்டிவிட்டார். வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே இடத்திலிருந்து. நான் எச்சரித்தபோது, "அவங்களுக்கு நான் இல்லாம முடியாது சார்" என்றார். பதினான்காவது மாதம் அந்த இடத்தில் மேலாளர் மாறினார், புதியவர் தன் ஆளைக் கொண்டுவந்தார். அந்தப் பெண் மீண்டு வந்துவிட்டார், ஆனால் பத்து மாதம் ஆனது. இப்போது எந்த ஒருவரும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார். தாண்டினால் எனக்கு அவரே போன் செய்து சொல்வார்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். "மனைவி சம்மதித்துவிட்டாள்" என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எதற்குச் சம்மதித்தார்? நீங்கள் தொழில் தொடங்குவதற்கா, வங்கிக் கணக்கில் இன்ன தொகை வரை இறங்கலாம் என்பதற்கா? இரண்டும் வேறு. ஓர் இரவு உட்கார்ந்து, கையிருப்பு எந்தத் தொகைக்குக் கீழே போனால் வேலை தேடத் தொடங்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஓர் எண்ணை எழுதுங்கள். தொடங்க வேண்டிய எண், முடிந்துபோகும் எண் இல்லை. புது வேலை கிடைக்க மூன்று மாதமாவது ஆகும் என்று வைத்தால் அந்த மூன்று மாதச் செலவு மிச்சம் இருக்கும்போதே தேடத் தொடங்க வேண்டும். ஐந்து மாதத்தில் மூன்றைக் கழித்தால் உங்களுக்கு உண்மையில் இருப்பது இரண்டு மாதம். முதல் வரவே நான்காவது மாதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இப்போது விடாதீர்கள் என்றேன். முதலில் சொன்ன அந்த இரண்டாவது அழைப்போடு, பன்னிரண்டு மாதக் கையிருப்பு, அல்லது வருமானம் வரத் தொடங்கிய இரண்டு மூன்று ஒப்பந்தங்கள், இந்த இரண்டில் ஒன்று வரட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒப்பந்தங்களைத்தான் எடுப்பேன்.

விடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு நின்றுபோகும் இடத்தில் குடும்பத்துக்குத் தனிக் காப்பீட்டைச் சம்பளம் வரும்போதே எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடன் போன்ற எதுவும் யோசனையில் இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருடக் கணக்கைக் கேட்கும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, வரிக்கு இன்னொரு கணக்கு திறந்து, வரும் ஒவ்வொரு பணத்திலும் ஒரு பங்கை அன்றே வரிக்கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எத்தனை சதவீதம் என்பதை உங்கள் ஊர்க் கணக்காளர் சொல்வார். முதல் வருடம் வரிக்குப் பணம் இல்லாமல் நிற்பவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். நோட்டீஸ் பீரியடை முழுசாக முடித்துக் கொடுத்து, நல்ல பெயரோடு வெளியே வாருங்கள். தனியாகப் போனவர்களுக்கு முதல் பெரிய வேலை பழைய நிறுவனத்திலிருந்தே வந்ததை நான் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது, "இந்த மாதம் முதல் வேலையாக என்ன செய்வது?" நியமனக் கடிதம் இடம் கொடுத்தால், அல்லது மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் நிறுவனத்தோடு தொடர்பே இல்லாத ஒரு கிளினிக்கைக் கண்டுபிடியுங்கள். துணி போர்த்தி நிற்கும் அந்த சென்ட்ரிஃபியூஜை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். இலவசமாகச் செய்யாதீர்கள், தெரிந்தவர் விலையும் வேண்டாம். மேலே போட்ட கணக்கில் வந்த விலையைச் சொல்லுங்கள், அன்றே பில் கொடுங்கள். ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி போட்டு, முதல் இரண்டு தேதியை அன்றிரவே எழுதுங்கள். மூன்றாவது தேதி நிரம்பியதும் எத்தனை நாள் ஆனது என்று எண்ணி எனக்குச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் ஏழு மாதத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.